குழாயை எண்ணுவதா, ஆளைக் கேட்பதா?

தண்ணீர்ப் பாதுகாப்பின்மையை அளப்பது, அது உடல்நலத்தைத் தாக்கும் விதம் ஆகியவை பற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



2019 கோடையைச் சென்னையில் கழித்தவர்கள் யாரும் அதை மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று நகரத்துக்குத் தண்ணீர் கொடுக்கும் நான்கு ஏரிகளும் தரை தெரியக் கிடந்தன. நாளொன்றுக்கு 83 கோடி லிட்டர் விநியோகித்துவந்த குடிநீர் வாரியம் அதை 52.5 கோடி லிட்டராகக் குறைத்தது. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீரோடு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தொலைக்காட்சிகள் அதை நேரலையில் காட்டின.

இந்த எண்களை வைத்து ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நகரத்தின் மக்கள் தொகையை 80 இலட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் வந்த தண்ணீரைப் பங்கு போட்டால் தலைக்கு ஒரு பெரிய டம்ளர் வரும். அது போகட்டும். வாரியம் கொடுத்த 52.5 கோடி லிட்டரை வகுத்தால் தலைக்கு 65 லிட்டர் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்துக்காக ஹோவர்டும் பார்ட்ரமும் 2003இல் தயாரித்த அறிக்கை, ஒருவருக்கு நாளுக்கு 50 லிட்டர் கிடைத்தால் குடிக்கவும் சமைக்கவும் கை கழுவவும் போதும், குளிக்கத் துவைக்கவும் பெரும்பாலும் முடியும், உடல்நலக் கவலை குறைவு என்கிறது. ஆக, காகிதத்தில் அந்தக் கோடை சென்னைக்கு அத்தனை மோசமில்லை!

லாரி எப்போது வரும் என்று தெரியாமல் குடங்களை வரிசையில் போட்டுவிட்டு நடுராத்திரி வரை வாசலில் உட்கார்ந்திருந்தவர் யார், தனியார் லாரிக்குப் பணம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர் யார் என்று அந்த 65 நமக்குச் சொல்லாது. வேலைக்குப் போகாமல் தண்ணீருக்காக வீட்டில் நின்றவரின் சம்பளப் பிடித்தமும் அதில் இல்லை. சராசரி பொய் சொல்லவில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வியை அதனிடம் கேட்கவே இல்லை, அவ்வளவுதான். எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும், கேட்டால் உடல்நலத்தைப் பற்றி என்ன புதிதாகத் தெரியவரும் என்பதுதான் இன்றைய பேச்சு.

நதியிலிருந்து குழாய் வரை

தண்ணீர்ப் பற்றாக்குறையை அளப்பதற்கு நமக்குப் பழக்கமான வழிகள் மூன்று.

முதலாவது, நாட்டின் கணக்கு. ஸ்வீடன் நாட்டு நீரியல் அறிஞர் மாலின் ஃபால்கன்மார்க் 1980களின் இறுதியில் வகுத்துக் கொடுத்தது இது. ஒரு நாட்டில் ஆண்டுதோறும் கிடைக்கும் நன்னீரை மக்கள் தொகையால் வகுக்க வேண்டும். தலைக்கு 1,700 கன மீட்டருக்குக் கீழே போனால் நெருக்கடி, 1,000க்குக் கீழே போனால் பற்றாக்குறை. 2021ஆம் ஆண்டுக்கு இந்தியாவின் கணக்கு 1,486 கன மீட்டர். நதிநீர்ப் பங்கீடு பேசுகிறவர்களுக்கு இந்த எண் அவசியம். ஆனால் ஆற்றங்கரை ஊரிலேயே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஆற்றில் ஓடுவது எல்லோர் வீட்டு அண்டாவுக்கும் வந்து சேர்வதில்லை.

இரண்டாவது, லிட்டர் கணக்கு. கிராமத்துக்கு 55 லிட்டர், பாதாளச் சாக்கடை உள்ள நகரத்துக்கு 135 லிட்டர் என்று நம் திட்டங்கள் வைத்திருக்கும் நெறிகள் இந்த வகை. சென்னைக் கணக்கில் பார்த்தோமே, அதே சிக்கல்தான் இங்கும்.

மூன்றாவது, குழாய்க் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1990 முதல் கூட்டாக நடத்தும் கண்காணிப்புத் திட்டம் இதற்கு ஓர் ஏணியே கட்டியிருக்கிறது. பாதுகாக்கப்பட்ட நீராதாரம், போய்வர அரை மணி நேரத்துக்குள் என்றால் அது ஒரு படி. வீட்டுக்குள்ளேயே, வேண்டும்போது, கலப்படமில்லாமல் கிடைத்தால் மேல்படி. 2022 நிலவரப்படி உலகில் 220 கோடிப் பேர் அந்த மேல்படியை எட்டவில்லை. இந்தியாவில் 2019 ஆகஸ்ட் 15 அன்று ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது கிராமப்புறத்தில் குழாய் இணைப்பு இருந்த வீடுகள் 3.23 கோடி. இன்று அது 15 கோடிக்கும் மேல். இது பெரிய காரியம், குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் 2022இல் அத்திட்டத்துக்காகவே எடுக்கப்பட்ட மதிப்பீட்டில், போதிய அளவு, தரம், ஒழுங்கு மூன்றும் பொருந்த முழுமையாக வேலை செய்த இணைப்புகள் 62 விழுக்காடுதான் என்று தெரியவந்தது.

குழாய் ஒருமுறை வந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு சான்று உண்டு. கில்பர்ட் வைட், அவர் மனைவி ஆன் வைட், மருத்துவர் டேவிட் பிராட்லி மூவரும் 1960களின் பின்பாதியில் கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்று நாடுகளிலும் வீடு வீடாகப் போய், யார் எவ்வளவு தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று அளந்தார்கள். 1972இல் அது புத்தகமாக வந்தது. முதல் ஆய்வுக்கு முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஊர்களுக்கு மறுபடி ஆய்வாளர்கள் போனார்கள். குழாய் இருந்த வீடுகளில் தண்ணீர்ப் பயன்பாடு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. குழாய் இல்லாத வீடுகளில் தண்ணீர் எடுக்கச் செலவாகும் நேரம் மூன்று மடங்குக்கு மேல் கூடியிருந்தது. நகரங்கள் வளர்ந்தன, பராமரிப்பு நின்றது, குழாய்கள் சுவரில் அப்படியே இருந்தன. குழாயை மட்டும் எண்ணியவர்களுக்கு இந்த வீழ்ச்சி கண்ணில் படவே பட்டிருக்காது.

கேட்கத் தொடங்கியவர்கள்

பசியை அளப்பதில் இந்தப் பாடத்தை உலகம் முன்பே கற்றிருந்தது. களஞ்சியத்தில் எத்தனை டன் தானியம் இருக்கிறது என்று பார்ப்பதோடு நிற்காமல், "போன மாதம் எத்தனை வேளை சாப்பிடாமல் இருந்தீர்கள்?" என்று ஆளிடமே கேட்கும் முறை உணவுத் துறையில் வேரூன்றி, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமே அதைக் கையாள்கிறது. தண்ணீருக்கு அப்படி எதுவும் இல்லாமல் இருந்தது.

முதலில் கேட்கப் போனவர்கள் மானிடவியலாளர்கள். பொலிவியாவின் கொச்சபம்பா நகரம் 2000ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் போராட்டத்தால் உலகறிந்த ஊர். தண்ணீர் விநியோகத்தைத் தனியாரிடம் கொடுத்ததை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கிய ஊர் அது. அதன் தென்புறக் குடிசைப் பகுதி ஒன்றில் ஆம்பர் வூட்டிச் என்ற ஆய்வாளர், தண்ணீர்க் கவலை மனத்தை என்ன செய்கிறது என்று பார்த்தார். அவரும் கேத்லீன் ராக்ஸ்டேலும் 2008இல் வெளியிட்ட முடிவு எதிர்பார்ப்புக்கு மாறானது. மனவேதனைக்கும் தண்ணீர் அளவுக்கும் உள்ள தொடர்பைவிட, மனவேதனைக்கும் தண்ணீரைப் பெறும் வழியின் நிச்சயமின்மைக்கும் உள்ள தொடர்பு வலுவாக இருந்தது. லாரிக்காரன் நிற்பானா, பக்கத்து வீட்டில் கடன் கேட்கலாமா, கேட்டால் கொடுப்பார்களா என்ற பேரமும் கெஞ்சலும்தான் மனிதரை வாட்டின. குறைவாக இருந்தாலும் உறுதியாக வரும் தண்ணீரோடு மனிதர் எப்படியோ ஒத்துப்போய்விடுகிறார். எப்போது வரும் என்று தெரியாத தண்ணீர்தான் ஆளைத் தின்கிறது.

எத்தியோப்பியாவில் எட்வர்ட் ஸ்டீவன்சன் குழுவினர் கிராமப் பெண்களிடம் கேட்டார்கள். அமெரிக்காவிலேயே, டெக்சாஸின் மெக்சிகோ எல்லையோரக் குடியிருப்புகளில் வெண்டி ஜெப்சன் கேட்டார். பணக்கார நாட்டிலும் பதில்கள் வந்தன. கென்யாவின் மேற்குப் பகுதியில் எச்.ஐ.வி. தொற்றோடு வாழும் கர்ப்பிணிகளின் உணவு நிலையை ஆராயப் போன செரா யங், அந்தப் பெண்கள் உணவைப் பற்றிக் கேட்டாலும் தண்ணீரைப் பற்றியே பேசுவதைக் கவனித்தார். மாத்திரை விழுங்கத் தண்ணீர் வேண்டும், கைக்குழந்தையின் துணி அலசத் தண்ணீர் வேண்டும், பருப்பு வேகத் தண்ணீர் வேண்டும்.

ஆனால் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கேள்வித்தாள் என்றால் ஊரோடு ஊரை ஒப்பிட முடியாது. எனவே பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி, எங்கும் பொருந்தும் ஒரே அளவுகோலைச் செய்ய முனைந்தார்கள். காத்மாண்டு, டாக்கா, அக்ரா, பெய்ரூட், துஷான்பே, நம் பக்கம் புனே, ராஜஸ்தான் என்று 23 நாடுகளில் 28 இடங்கள், 8,127 வீடுகள். முதலில் நிறையக் கேள்விகள் இருந்தன. ஓர் ஊரில் பொருந்தி இன்னோர் ஊரில் பொருந்தாதவை ஒவ்வொன்றாகக் கழிந்தன. கடைசியில் மிஞ்சியவை 12. வீட்டுத் தண்ணீர்ப் பாதுகாப்பின்மை அனுபவ அளவுகோல் என்ற பெயரில் 2019இல் அது வெளியானது. துறையில் சுருக்கமாக ஹெச்வைஸ் என்பார்கள்.

ஒரு வீட்டு வாசலில்

அது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்துகாட்டுவது எளிது. நம் மாவட்டத் தலைநகர் ஒன்றில் ஒரு தெருவை எண்ணிக்கொள்ளுங்கள். நகராட்சிக் குழாய் இருக்கும் வீடு. நாலு நாளைக்கு ஒருமுறை ஒன்றரை மணி நேரம் தண்ணீர். சம்ப் இல்லை, மோட்டார் இல்லை. இரண்டு நீல டிரம், ஏழெட்டுப் பிளாஸ்டிக் குடம். குடிப்பதற்குக் கேன் வாங்குகிறார்கள். கேள்வித்தாளோடு போகும் மாணவி வாசல்படியில் உட்கார்ந்து, "அக்கா, போன நாலு வாரத்தை மட்டும் நினைச்சுச் சொல்லுங்க" என்று தொடங்குகிறாள்.

"இல்லை" என்பது பதிலானால் சுழி. ஓரிரு முறை என்றால் 1. மூன்று முதல் பத்து முறை என்றால் 2. அதற்கு மேல் எத்தனை ஆனாலும் 3.

தண்ணீர் போதுமா என்று கவலைப்பட்டீர்களா? "தினமும்தான்." மூன்று. தண்ணீர் வரத்து நின்றதா, குறைந்ததா? "வர்றதே நாலு நாளைக்கு ஒரு வாட்டி. இதுல நின்னுச்சு, நிக்கலைன்னு எதைச் சொல்ல?" மூன்று. துணி துவைக்க முடியாமல் போனதா? "தண்ணி வர்ற நாளுக்குச் சேர்த்துவைப்போம்." இரண்டு. தண்ணீருக்காக வேலையை, பயணத்தை மாற்றினீர்களா? "தண்ணி நாளுன்னா தையல் கடைக்கு லீவு." மாதத்தில் ஏழு முறை, ஆக இரண்டு. சமைப்பதை மாற்றினீர்களா? ஒன்று. கை கழுவாமல் விட்டதுண்டா? கொஞ்சம் தயங்கி, ஒன்று. குளிக்காமல் இருந்ததுண்டா? இரண்டு. குடிக்கத் தண்ணீர் குறைந்ததா? "கேன் வாங்குறோமே." சுழி. தண்ணீரால் கோபம் வந்ததா? "மேல் வீட்டுக்காரங்க மோட்டார் போட்டு உறிஞ்சினா வராதா?" இரண்டு. தாகத்தோடு படுத்ததுண்டா? சுழி. வீட்டில் சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் போனதா? சுழி. அவமானமாக, ஒதுக்கப்பட்டதாக உணர்ந்தீர்களா? "நாத்தனார் வீட்டுல இருந்து வந்தாங்க, பாத்ரூமுக்குத் தண்ணி இல்ல." ஒன்று.

கூட்டுத்தொகை 17. மொத்தம் 36. இப்போதைக்கு வகுத்திருக்கும் எல்லை 12. இந்த வீடு யாருடைய கணக்கிலும் தண்ணீர் இல்லாத வீடு அல்ல. குழாய்ப் பட்டியலில் இதற்கு ஒரு குறி விழுந்துவிட்டது. இந்த வீட்டில் யாரும் தாகத்தோடு படுத்ததும் இல்லை. ஆனாலும் 17.

12 என்ற எல்லை கல்லில் செதுக்கியதல்ல. அளவுகோலைச் செய்தவர்களே அதைத் தற்காலிகமானது என்றுதான் சொன்னார்கள். எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்பதைவிட, எந்தக் கேள்வியில் மதிப்பெண் ஏறுகிறது என்று பார்ப்பதில்தான் பயன் அதிகம். மேலே சொன்ன வீட்டுக்குக் குடிநீர்த் தொட்டி தேவையில்லை. எந்த நாளில், எந்த மணிக்குத் தண்ணீர் திறப்பார்கள் என்ற உறுதி கிடைத்தாலே பாதி மதிப்பெண் இறங்கிவிடும்.

இதே கேள்விகளைத் தனிநபருக்கு ஏற்ப மாற்றி, 2020இல் காலப் நிறுவனத்தின் உலகக் கருத்தாய்வு வழியே 31 நாடுகளில் கேட்டார்கள். வயது வந்தோரில் 14.2 விழுக்காட்டினர் தண்ணீர்ப் பாதுகாப்பின்மையில் இருந்தார்கள். சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அது 36.1 விழுக்காடு. மெக்சிகோ ஒரு படி மேலே போய், 2021இல் தன் தேசிய உடல்நல, ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பிலேயே 12 கேள்விகளையும் சேர்த்துவிட்டது. ஏறத்தாழ 16 விழுக்காட்டு வீடுகள் எல்லைக்கு அப்பால் இருந்தன. தண்ணீர் நிச்சயமில்லாத வீடுகளிலேயே உணவும் நிச்சயமில்லை என்பதும் தெரிந்தது.

உடம்பு வைத்திருக்கும் கணக்கு

இனி உடல்நலத்துக்கு வருவோம். தண்ணீர், நோய் என்றதும் நமக்குக் காலராவும் வயிற்றுப்போக்கும் நினைவுக்கு வருகின்றன. நியாயம்தான். பாதுகாப்பற்ற நீர், கழிப்பறை வசதியின்மை, கை கழுவாமை ஆகியவற்றால் 2019இல் மட்டும் உலகில் 14 இலட்சம் பேர் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த இறப்புகளில் பெரும்பகுதி வயிற்றுப்போக்கால்.

நான் முன்பு சொன்ன டேவிட் பிராட்லி, தண்ணீர் தொடர்பான தொற்றுகளை நான்காகப் பிரித்தார். கெட்ட நீரைக் குடிப்பதால் வருபவை ஒன்று. கழுவத் தண்ணீர் போதாமல் பரவுபவை இரண்டு, சொறியும் கண்ணோயும் இந்த வகை. நீரில் வாழும் உயிரியால் வருபவை மூன்று. நம் பாட்டன்மார் அறிந்த நரம்புச் சிலந்தி இதில் சேரும். இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1996இல். 2000இல் நாடு அதிலிருந்து விடுபட்டதாகச் சான்று கிடைத்தது. நீரில் பெருகும் பூச்சிகளால் வருபவை நான்கு.

இந்த நான்காவதில் சற்று நிற்போம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நாம் மூடிவைக்காத நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். சுகாதார ஆய்வாளர் வீட்டுக்கு வந்து, "வாரம் ஒருமுறை டிரம்மைக் கவிழ்த்து, தேய்த்துக் காயவையுங்கள்" என்று சொல்கிறார். மருத்துவப்படி அது முழுக்கச் சரி. ஆனால் எட்டு நாளைக்கு ஒருமுறை, பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடும் ஊரில் யார் டிரம்மைக் கவிழ்ப்பார்கள்? அந்த வீட்டுக்கு அபராதம் போடுகிறோம். தண்ணீர் விடும் இடைவெளியை யாரும் டெங்குக் கணக்கில் சேர்ப்பதில்லை.

விட்டுவிட்டு வரும் தண்ணீர் குழாய்க்குள்ளும் வேலையைக் காட்டுகிறது. அழுத்தம் இருக்கும்வரை விரிசல் வழியே தண்ணீர் வெளியே கசியும். அழுத்தம் விழுந்ததும், குழாயைச் சுற்றி நிற்கும் சாக்கடை நீர் அதே விரிசல் வழியே உள்ளே இழுபடும். அடுத்த முறை திறக்கும்போது முதலில் வருவது அதுதான். பக்கத்து மாநிலத்தில் ஹூப்ளி-தார்வாட் இரட்டை நகரில் சில வார்டுகளுக்கு மட்டும் 24 மணி நேரத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த வார்டுகளையும் அவற்றை ஒத்த மற்ற வார்டுகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. குழந்தைகளின் மொத்த வயிற்றுப்போக்கில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் டைஃபாய்டு கண்ட வீடுகள் குறைவாக இருந்தன. ஏழை வீடுகளில் குழந்தைகளுக்குச் சீதபேதியும் குறைவாக இருந்தது.

பிராட்லியின் நான்கு வகையும் தொற்றுகளுக்கானவை. அவற்றுக்கு வெளியே உடம்பு தாங்கும் சுமை தனி. 20 லிட்டர் என்றால் 20 கிலோ. அதை இடுப்பிலோ தலையிலோ வைத்து, ஈரப்படியில் ஏறி, ஒருநாள் விடாமல் தூக்குகிறவருடைய கழுத்தையும் முதுகையும் எண்ணிப் பாருங்கள். ஹெச்வைஸ் ஆய்வு நடந்த இடங்களில் 21 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2020இல் வெளியான கட்டுரையில், தண்ணீர் எடுக்கப் போய் அடிபட்டதாகச் சொன்னவர்கள் 13 விழுக்காடு. வழுக்கி விழுந்தவர்கள், எலும்பு முறிந்தவர்கள், நாய் கடித்தவர்கள், வரிசைச் சண்டையில் அடிவாங்கியவர்கள் எல்லோரும் அதில் உண்டு. மருத்துவமனைச் சீட்டில் அது எலும்பு முறிவு என்று மட்டுமே பதிவாகும்.

குடிக்காமல் இருப்பதும் ஒரு நோய்க் காரணம். கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்பதால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை பார்க்கும் பெண்களைக் கடைகளிலும் கட்டட வேலையிலும் பார்க்கலாம். சிறுநீர்த் தொற்று, கல் என்று அது வந்து நிற்கிறது. இலங்கையின் வட மத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து விவசாயிகளை வாட்டும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னதுதான் என்று ஒரே முடிவு இன்னும் எட்டப்படவில்லை. கிணற்று நீரின் கடினத்தன்மை, ஃபுளூரைடு, பூச்சிமருந்து, வெயிலில் உடல்நீர் வற்றுவது என்று பலவற்றை ஆராய்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் தண்ணீரையே சுட்டுகின்றன.

சமையல்கட்டும் உடல்நலத்துறைதான். தண்ணீர் குறைந்த நாளில் வேகத் தண்ணீரும் நேரமும் கேட்கும் பயறு வகைகள் முதலில் விடுபடுகின்றன. கழுவ வேண்டிய கீரை விடுபடுகிறது. பாத்திரம் விழாத பரோட்டாப் பொட்டலம் வீட்டுக்கு வருகிறது. குழந்தையின் எடைக் குறைவுக்கு அங்கன்வாடியில் உணவுக் காரணம் எழுதுவார்கள். பின்னால் இருக்கும் தண்ணீர்க் காரணம் பதிவேட்டில் ஏறுவதில்லை.

மனத்தைப் பற்றி ஒரு நல்ல ஆய்வு மொராக்கோவின் டாஞ்சியர் நகரிலிருந்து வந்தது. எஸ்தர் டுஃப்ளோவும் உடன் ஆய்வாளர்களும் செய்தது, 2012இல் வெளியானது. தெருக் குழாயில் நல்ல தண்ணீர் இலவசமாக எடுத்துவந்த வீடுகளுக்கு, கடனில் வீட்டு இணைப்பு வாங்க வழி செய்து கொடுத்தார்கள். உதவி கிடைத்த வீடுகளில் 69 விழுக்காடு இணைப்பு வாங்கின. கிடைக்காதவற்றில் 10 விழுக்காடு. பிறகு பார்த்தால், தண்ணீரால் வரும் நோய்களில் மாற்றமே இல்லை. ஏனென்றால் தெருக் குழாய்த் தண்ணீரும் சுத்தமானதுதான். நோயை மட்டும் அளந்திருந்தால் திட்டம் தோல்வி என்று கோப்பை மூடியிருப்பார்கள். ஆனால் தண்ணீர் சுமக்கும் நேரம் மிச்சமானது, அண்டை வீட்டாரோடும் வீட்டுக்குள்ளும் தண்ணீரை வைத்து நடந்த சண்டை குறைந்தது, வாழ்க்கை மேம்பட்டதாக மக்கள் சொன்னார்கள். மாதக் கட்டணம் கட்டிக்கொண்டும் அதைத் தொடர்ந்தார்கள். அந்த நகரத்து மக்கள் அறிந்திருந்த ஒன்றை நோய்ப் பதிவேடு அறியவில்லை.

நாக்குக்குத் தெரியாதது

அனுபவத்தைக் கேட்பதே எல்லாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த அளவுகோலுக்குப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. மனிதருக்குத் தெரியாததை அவரால் சொல்ல முடியாது.

வங்காளதேசத்தில் குளத்து நீரால் வந்த வயிற்றுப்போக்கிலிருந்து மக்களைக் காக்க 1970கள் முதல் இலட்சக்கணக்கில் குழாய்க் கிணற்றுக் கைப்பம்புகளைப் போட்டார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது, வீட்டருகில் இருந்தது, வற்றவில்லை. அன்று போய் நமது 12 கேள்விகளைக் கேட்டிருந்தால் மதிப்பெண் சுழிக்குப் பக்கத்தில் வந்திருக்கும். 1993இல் அந்தத் தண்ணீரில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது. பிறகு சுமார் 50 இலட்சம் பம்புகளைச் சோதித்து, நல்லதற்குப் பச்சையும் கெட்டதற்குச் சிவப்பும் பூசினார்கள். அதே நாட்டில் கடலோர டாகோப் பகுதியில், கர்ப்பிணிகளின் ரத்த அழுத்தத்துக்கும் குடிநீரில் ஏறிய உப்புக்கும் தொடர்பு இருப்பதை அனெய்ரே கான் குழுவினர் காட்டினார்கள். நம் பழைய சென்னை மாகாணத்திலும் ஒரு சான்று உண்டு. ஃபுளூரைடு மிகுந்த நீரால் எலும்பும் பல்லும் கெடுவதை 1937இல் ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் ஆய்வாளர்களும் நெல்லூர்ப் பகுதியில் கண்டு எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் இதே ஃபுளூரைடால்தான். இவற்றைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் வேண்டும். வாசலில் உட்கார்ந்து கேட்டால் போதாது.

இன்னொரு குறை, வீட்டுக்கு ஒருவரைக் கேட்கும்போது எந்த ஒருவர் என்பது. வீட்டுத் தலைவர் என்று ஆணைக் கேட்டால் மதிப்பெண் ஒன்று வரும். தண்ணீர் பிடிக்கிறவரைக் கேட்டால் வேறொன்று வரும். நம் ஊரில் பெரும்பாலும் அது பெண்தான். கேட்கும் மாதமும் முக்கியம். ஐப்பசியில் கேட்டுவிட்டு ஊருக்குக் குறையில்லை என்று எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள்.

நாலு கேள்வி

ஆக, என் வாதம் இது. குழாய்க் கணக்கு வேண்டும், ஏனென்றால் கட்டியதை எண்ணாமல் நிதி கேட்க முடியாது. ஆய்வுக்கூடக் கணக்கு வேண்டும், ஏனென்றால் நஞ்சு நாக்குக்குத் தெரியாது. இந்த இரண்டுக்கும் நம்மிடம் துறை இருக்கிறது, பதிவேடு இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். மூன்றாவதான ஆளைக் கேட்கும் கணக்குக்கு நம்மிடம் இவை எதுவும் இல்லை. மூன்றிலும் மிகக் குறைந்த செலவு பிடிப்பது அதுதான்.

12 கேள்வி அதிகம் என்றால் நாலாகச் சுருக்கிய வடிவமும் 2021இல் வந்துவிட்டது. கவலைப்பட்டீர்களா, வேலைத் திட்டத்தை மாற்றினீர்களா, கை கழுவாமல் விட்டீர்களா, குடிக்கத் தண்ணீர் குறைந்ததா? கேட்டு முடிக்க ஓரிரு நிமிடம் போதும். தேசியக் குடும்பநல ஆய்வில் இந்த நாலும் சேரலாம். அதற்குக் காத்திருக்காமல் ஒரு நகராட்சி தானே தொடங்கலாம். டெங்குப் பணிக்கு வீடு வீடாகப் போகிறவர்களும், கிராமச் செவிலியரும், சமூகப்பணிக் கல்லூரி மாணவர்களும் ஏற்கெனவே வாசலுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். கேட்டதை வார்டுவாரியாக வெளியிட வேண்டும். கேட்டுவிட்டுப் போய் மறைந்துவிடும் ஆய்வாளர்களால்தான் மக்கள் கேள்வித்தாளைக் கண்டால் கதவைச் சாத்துகிறார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் ஒருமுறை, கார்த்திகையில் ஒருமுறை, அந்த நாலு கேள்வியையும் தண்ணீர் பிடிக்கிறவரிடம் கேளுங்கள். வந்த எண்ணை, நகராட்சி வெளியிட்ட இணைப்பு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே ஒரே அட்டவணையில் எழுதி, வார்டு உறுப்பினரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும் ஒவ்வொரு பிரதி கொடுங்கள். இணைப்பும் அனுபவமும் ஒத்துப்போகும் வார்டில் நகராட்சியைத் தாராளமாகப் பாராட்டுங்கள். ஒத்துப்போகாத வார்டில் எந்தத் தெரு, எந்தக் கேள்வி என்று அந்த அட்டவணையே காட்டிக்கொடுக்கும். அடுத்த வார்டு கூட்டத்தில் பேச வேண்டியது அதுதான்.